உள்விளிம்பில் தேய்ந்த டயர்

என் பிக்கப் வண்டியைக் கழுவுவதற்காக ஸ்டீயரிங்கை ஒரு பக்கம் முழுவதுமாக ஒடித்து நிறுத்தியிருந்தேன். மட்கார்டின் உட்புறம் ஒட்டியிருந்த சேற்றின் மீது தண்ணீரைப் பீய்ச்சிக்கொண்டிருந்தபோது, இடது முன்சக்கரத்தின் உள்விளிம்பில் பட்டன் (தரையைப் பற்றும் ரப்பர்க் கட்டி) என்று சொல்ல எதுவும் மிச்சமில்லாமல் வழவழப்பாகக் கிடந்ததைக் கண்டேன். அதே டயரின் வெளிவிளிம்பிலோ விரல் நுனி இறங்கும் அளவுக்கு ஆழம் இருந்தது. நேராக நிற்கும் வண்டியைச் சுற்றிவந்து நான் நாள்தோறும் பார்த்துத் திருப்தியடைந்தது அந்த வெளிவிளிம்பைத்தான். இந்த டயர்களைப் போட்டு 26,000 கிலோமீட்டர்கூட ஆகவில்லை. வண்டியோடு வந்த முதல் டயர்கள் 62,000 கிலோமீட்டர் ஓடியிருந்தன.

அன்று எனக்கு எழுந்த முதல் எண்ணம், டயர் மட்டமானது என்பதுதான். அந்த எண்ணத்தின்படியே முன்பக்கத்துக்கு இரண்டு புதிய டயர்கள் வாங்கிப் போட்டேன். கழற்றிய பழைய டயர்களை அங்கேயே விட்டுவிட்டு வந்தேன். 6,000 கிலோமீட்டர் ஓடியதும் ஸ்டீயரிங்கை ஒடித்துவைத்துப் பார்த்தபோது, புதிய டயரின் உள்விளிம்பும் அதே வழியில் தேயத் தொடங்கியிருந்தது. பழைய டயர்களை அளந்துகூடப் பார்க்காமல் விட்டுவந்த முட்டாள்தனம் அப்போதுதான் உறைத்தது. வண்டியில் எது பழுது என்பதை 26,000 கிலோமீட்டர் தூரம் எழுதிவைத்திருந்த சாட்சி அவைதான். பிக்கப் வைத்திருப்பவர்களில் பலர் இதே தவற்றை இதே வரிசையில் செய்கிறார்கள் என்பதால், அடுத்து நடந்தவற்றைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் பிக்கப் வண்டியின் உடலமைப்பைச் சொல்ல வேண்டும். ஒரு காரில் ஆள் ஏறினாலும் இறங்கினாலும் மொத்த எடை பெரிதாக மாறுவதில்லை. பிக்கப்போ இரண்டு வாழ்க்கை வாழ்கிறது. பின்தொட்டி காலியாக இருக்கும்போது எஞ்சினின் கனம் முழுவதும் முன் அச்சின் மேல் இருக்கிறது. பின் அச்சு பாரமற்றுத் துள்ளுகிறது. அரை டன் ஏற்றியதும் பட்டை ஸ்பிரிங்குகள் அமுங்கி, வண்டியின் மூக்கு மேலெழுந்து, பின் டயர்கள் ஒன்றரை மடங்குக்கும் மேற்பட்ட சுமையைத் தாங்க நேர்கிறது. பெரும்பாலான பிக்கப்களில் பின்பக்கம் ஒரே தண்டாக அமைந்த அச்சு. ஆகவே சுமை ஏறினாலும் பின்சக்கரங்களின் சாய்வு மாறுவதில்லை. முன்பக்கத்தில் ஒவ்வொரு சக்கரமும் தனித்தனியாக மேலும் கீழுமான இரு ஆர்ம்களில் (சக்கரத்தை வண்டியோடு இணைக்கும் இரும்புக் கைகள்) தொங்குவதால், வண்டியின் உயரம் ஓரிரு சென்டிமீட்டர் மாறினாலும் சக்கரத்தின் சாய்வும் அது நோக்கும் திசையும் சேர்ந்தே மாறிவிடும். டயர் தேய்மானத்தில் பிக்கப்புக்கென்று இருக்கும் தொல்லைகளில் பெரும்பகுதி இதிலிருந்தே கிளைக்கிறது.

தேய்ந்த டயரைப் படிப்பதற்குக் கண்ணைவிடக் கை நல்ல கருவி. உள்ளங்கையை டயரின் மேல் வைத்து வெளிவிளிம்பிலிருந்து உள்விளிம்பை நோக்கி இழுங்கள். பிறகு உள்ளிருந்து வெளியே இழுங்கள். ஒரு திசையில் வழுக்கிக்கொண்டு போய், மறுதிசையில் ஒவ்வொரு பட்டனின் ஓரமும் அரம்போலக் கையைப் பிராண்டினால், அந்தச் சக்கரம் உருண்டுகொண்டே பக்கவாட்டிலும் இழுபடுகிறது என்று பொருள். அலைன்மென்ட் (சக்கரங்களின் கோணங்களை அளந்து சரிசெய்யும் வேலை) செய்பவர்கள் டோ என்று சொல்லும் அளவு, அதாவது சக்கரம் உள்நோக்கியோ வெளிநோக்கியோ திரும்பியிருக்கும் அளவு, கெட்டிருப்பதற்கு இதுவே அடையாளம். கூர்மை இல்லாமல் ஒரு பக்கம் மட்டும் சீராகச் சரிந்து தேய்ந்திருந்தால், சக்கரம் சாய்ந்து நிற்கிறது, அது கேம்பர். இரு ஓரங்களும் தேய்ந்து நடு மட்டும் உயர்ந்து நின்றால் காற்று போதவில்லை. நடு தேய்ந்து ஓரங்கள் புதிதாக இருந்தால் அந்தச் சுமைக்குக் காற்று மிகுதி. சுற்றளவு நெடுகிலும் கிண்ணம் கிண்ணமாகப் பள்ளங்கள் விழுந்திருந்தால், சக்கரம் சாலையை விட்டுத் துள்ளித் துள்ளி இறங்கியிருக்கிறது. ஷாக் அப்சார்பர் ஓய்ந்திருக்கலாம், பேலன்சிங் தப்பியிருக்கலாம், வீல் பேரிங்கில் ஆட்டம் இருக்கலாம். ஓரிடத்தில் மட்டும் தட்டையாக இருந்தால், சக்கரம் பூட்டிக்கொள்ளும்படி யாரோ பிரேக்கை மிதித்திருக்கிறார்கள். கரடுமுரடான பெரிய பட்டன்கள் கொண்ட டயர்களில் இன்னொரு வகையும் உண்டு: ஒவ்வொரு பட்டனின் முன்முனையும் பின்முனையும் வெவ்வேறு உயரத்தில் தேய்ந்திருக்கும். கையைச் சுற்றளவின் போக்கில் முன்னும் பின்னுமாக இழுத்தால் அது தெரியும். வண்டி ஓடும்போது பறையடிப்பது போன்ற ஓசையாகக் காதிலும் விழும்.

என் முன் டயர்களில் இவற்றுள் இரண்டு ஒன்றாகக் கலந்திருந்தன. உள்விளிம்பு சரிவாகவும் தேய்ந்திருந்தது, கையையும் பிராண்டியது. வலது முன்சக்கரத்தில் அதே நோய் லேசாக இருந்தது. பின் டயர்கள் வேறொரு கதை சொல்லின. அதற்குப் பிறகு வருகிறேன்.

அலைன்மென்ட் செய்யச் சென்றேன். கணினித் திரையில் எண்கள் சிவப்பிலிருந்து பச்சைக்கு மாறின, அச்சிட்ட தாள் ஒன்றைக் கையில் கொடுத்தார்கள், ஸ்டீயரிங்கும் நேராக நின்றது. அத்துடன் பிரச்சினை முடிந்தது என்று நினைத்தேன். அடுத்த 4,000 கிலோமீட்டரில் உள்விளிம்பு இன்னும் 1 மில்லிமீட்டருக்கு மேல் கரைந்தது. அப்போதுதான் அந்தத் தாளை எடுத்து முதன்முறையாகப் படித்தேன். இடது சக்கரத்தின் கேம்பர் பச்சையில்தான் இருந்தது; ஆனால் அனுமதிக்கப்பட்ட எல்லையின் கடைசி விளிம்பில் இருந்தது. வலது சக்கரத்தினுடையது எல்லையின் நடுவில் இருந்தது. பச்சை நிறம் என்பது எல்லைக்குள் இருக்கிறது என்று மட்டுமே சொல்கிறது. இடதும் வலதும் ஒத்திருக்கின்றனவா, அந்த அளவு இந்த வண்டி ஓடும் விதத்துக்கு ஏற்றதா என்பதெல்லாம் தாளைப் படிப்பவருடைய வேலை. நான் படிக்கவில்லை, செய்தவரும் சொல்லவில்லை.

டோ அளவு எவ்வளவு சிறிய பிழையில் எவ்வளவு பெரிய சேதத்தைச் செய்கிறது என்பதை ஒருமுறை கணக்கிட்டுப் பார்த்தால் மறக்காது. என் டயரின் விட்டம் ஏறத்தாழ 760 மில்லிமீட்டர். இரண்டு முன்சக்கரங்களின் முன்னோரங்களுக்கு இடையே உள்ள தூரம், பின்னோரங்களுக்கு இடையே உள்ளதைவிட 3 மில்லிமீட்டர் கூடுதலாக இருப்பதாக வைத்துக்கொள்வோம். அதாவது ஒரு சக்கரத்துக்கு ஒன்றரை மில்லிமீட்டர். கோணமாகச் சொன்னால் ஒரு பாகையில் ஒன்பதில் ஒரு பங்குதான். கண்ணுக்குத் தெரியவே தெரியாது. ஆனால் வண்டி 1 கிலோமீட்டர் நேராகச் செல்லும்போது அந்தச் சக்கரம் தான் நோக்கும் திசையிலிருந்து ஏறத்தாழ 2 மீட்டர் பக்கவாட்டில் இழுபட்டாக வேண்டும். 10,000 கிலோமீட்டரில் அது 20 கிலோமீட்டர். இரண்டு டன் வண்டியைத் தாங்கிக்கொண்டு 20 கிலோமீட்டர் தூரம் தாரின் மீது குறுக்காகத் தேய்க்கப்படும் ரப்பர், எந்த நிறுவனம் செய்ததாக இருந்தாலும் கரையத்தான் செய்யும்.

இரண்டாவதாக நான் தேடிப் போனவர் வயதில் மூத்த மெக்கானிக். அவர் கணினியின் பக்கமே போகவில்லை. வண்டியை ஒருமுறை சுற்றிவந்து, முன்பக்கத்தில் நான் பொருத்தியிருந்த இரும்புப் பம்பரையும் அதற்குள் இருந்த வின்ச்சையும் (சிக்கிய வண்டியை வடத்தால் இழுக்கும் கருவி) பார்த்துவிட்டு, "இதைப் போடுவதற்கு முன்னால் டயர் இப்படித் தேய்ந்ததா சார்?" என்று கேட்டார். பம்பர் போட்டதும், 26,000 கிலோமீட்டரில் தேய்ந்த அந்த டயர்களைப் போட்டதும் ஒரே மாதத்தில் நடந்தவை என்பது அவர் கேட்ட பிறகே எனக்கு நினைவுக்கு வந்தது. டயரைச் சந்தேகித்துக்கொண்டிருந்த அத்தனை மாதங்களிலும் பம்பரைப் பற்றி நான் ஒருமுறைகூட எண்ணவில்லை.

அந்தப் பம்பரும் வின்ச்சும் சேர்ந்து 90 கிலோ. 90 கிலோவைச் சுமக்க முடியாத பிக்கப் எது என்று கேட்கத் தோன்றும்; எனக்கும் தோன்றியது. ஆனால் அந்த எடை உட்கார்ந்திருக்கும் இடம் முன் அச்சுக்கும் முன்னால், ஏறத்தாழ 85 சென்டிமீட்டர் தள்ளி. என் வண்டியில் இரு அச்சுகளுக்கும் இடையே 3.1 மீட்டர் தூரம். நெம்புகோல் கணக்கின்படி முன் அச்சின் மேல் கூடும் சுமை 90 கிலோ அல்ல, 115 கிலோ. மிகுதியாக வந்த 25 கிலோ பின் அச்சிலிருந்து தூக்கப்பட்டு முன்னே வந்தது. முன்பக்கம் 2 சென்டிமீட்டர் இறங்கியிருந்தது. மேல் ஆர்ம் கீழ் ஆர்மைவிடக் குட்டையாக இருக்கும் அமைப்பில், வண்டி இறங்கும்போது சக்கரத்தின் தலை உள்ளே சாயும். உள்விளிம்பு சாலையில் அழுந்தும். அதோடு டோவும் மாறும். வண்டியை உயர்த்த ஸ்பேசர் போடுபவர்களுக்கு இதே விபத்து எதிர்த்திசையில் நேர்கிறது. உயர்த்தியவர்கள் அலைன்மென்ட் செய்ய வேண்டும் என்று எல்லோரும் சொல்கிறார்கள். முன்பக்கம் கனத்தை ஏற்றியவர்களுக்கு யாரும் சொல்வதில்லை.

அதன் பிறகு அவர் முன்பக்கத்தை ஜாக்கியில் தூக்கி, கீழ் ஆர்முக்கு அடியில் தாங்கி வைத்தார். சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து அசைத்தார், ஆட்டம் இல்லை. ஆகவே பால் ஜாயின்டும் வீல் பேரிங்கும் நல்ல நிலையில் இருந்தன. இடமும் வலமுமாகப் பிடித்து அசைத்தார்; ஸ்டீயரிங்கைச் சக்கரத்தோடு இணைக்கும் டை ராட் எண்டிலும் குறையில்லை. பிறகு ஒரு கடப்பாரையைக் கீழ் ஆர்மின் பின்புறப் புஷ்ஷுக்கு (ஆர்மை வண்டிச் சட்டத்தோடு இணைக்கும் ரப்பர் மூட்டு) அருகில் நுழைத்து நெம்பியதும், இடது ஆர்ம் முழுவதும் பின்னோக்கி நகர்ந்தது. புஷ்ஷின் ரப்பர் வெடித்து உலோக உறையிலிருந்து பிரிந்திருந்தது. அலைன்மென்ட் கருவியில் வண்டி அசையாமல் நிற்கும்போது அந்த ஆர்ம் தன் இடத்திலேயே இருக்கும். எண்களும் பச்சையாகவே வரும். சாலையில் பிரேக்கை மிதித்த கணத்தில் ஆர்ம் பின்னே போகும், சக்கரம் வெளிநோக்கித் திரும்பும், உள்விளிம்பு தேய்க்கப்படும். பிரேக்கை விட்டதும் எதுவும் நடக்காதது போல மீண்டும் இடத்துக்கு வந்துவிடும். கருவி பொய் சொல்லவில்லை. நின்ற வண்டியைக் கேட்டால் நின்ற வண்டியின் பதிலைத்தான் அது சொல்லும். ஆட்டம் உள்ள பாகங்களை மாற்றாமல் செய்யப்படும் அலைன்மென்ட், ஆடும் நாற்காலியின் மீது வைத்துத் தராசைச் சரிசெய்வதைப் போன்றது. இதை அலைன்மென்ட் செய்யும் இடத்திலேயே முதலில் பார்த்திருக்க வேண்டும் என்பது என் மனக்குறை. ஐந்து நிமிட வேலை.

இனி பின் டயர்கள். அவற்றின் நடுப்பகுதியில் 5 மில்லிமீட்டரும் ஓரங்களில் 7 மில்லிமீட்டரும் இருந்தன. காற்று மிகுதி என்பதற்குப் பாடப்புத்தக உதாரணம். அதற்கு நானே பொறுப்பு. வண்டியோடு வந்தவை கார் வகை டயர்கள். மாற்றாக நான் போட்டவை இலகு டிரக் வகை. 10 பிளை என்று சொல்லப்படும் ‘இ’ (E) சுமைத்தரம், பக்கச்சுவரில் அதிக அளவாகச் சதுர அங்குலத்துக்கு 80 பவுண்டு என்று அச்சிட்டிருந்தது. ஒரே சுமையைத் தாங்குவதற்குக் கார் வகை டயரைவிட இலகு டிரக் வகை டயருக்கு அதிகக் காற்று தேவை என்பது உண்மை. ஆகவே ஓட்டுநர் பக்கக் கதவுத் தூணில் ஒட்டியிருக்கும் அளவை அப்படியே வைத்தால் போதாது என்று கேள்விப்பட்டிருந்தேன். அந்த அரைகுறை அறிவை வைத்துக்கொண்டு, 80 வரை தாங்கும் டயருக்கு 65 நியாயமானது என்று நானாக முடிவுசெய்தேன். பக்கச்சுவரில் உள்ள எண், அந்த டயர் தன் முழுச்சுமையைத் தாங்கத் தேவையான அழுத்தத்தைச் சொல்வது. என் வண்டி காலியாக ஓடும் நாள்களில் பின் டயர் சுமப்பது அதில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. பாரமில்லாத டயரில் 65 பவுண்டு காற்றை அடைத்தால் அது பீப்பாய்போல உப்பி, நடு வரிசைப் பட்டன்களில் மட்டும் நின்று ஓடும். ஈரச் சாலையில் பின்பக்கம் அடிக்கடி வழுக்கியதன் காரணமும் அப்போது புரிந்தது.

சரியான அளவைத் தெரிந்துகொள்ள வண்டியை எடை மேடையில் ஏற்றினேன். மொத்த எடையை மட்டும் போட்டுவிட்டு வந்தால் பயனில்லை. முன் அச்சைத் தனியாகவும் பின் அச்சைத் தனியாகவும் மேடையில் நிறுத்த வேண்டும், ஓட்டுநர் உள்ளே இருக்க வேண்டும், டீசல் வழக்கமான அளவில் இருக்க வேண்டும். காலி வண்டிக்கு முன்னே 1,290 கிலோ, பின்னே 870 கிலோ வந்தது. 500 கிலோ சரக்கை ஏற்றிய பிறகு முன்னே 1,240, பின்னே 1,420. ஏற்றியது 500 என்றாலும் பின் அச்சில் கூடியது 550. சரக்கின் கனம் பின் அச்சுக்குச் சற்றுப் பின்னால் விழுந்ததால் முன்பக்கத்திலிருந்து 50 கிலோவை அது தூக்கிவிட்டது. டயர் நிறுவனங்கள் வெளியிடும் சுமை அட்டவணையில், ஒவ்வொரு டயரும் தாங்கும் எடைக்கு எதிரே அழுத்தம் குறிக்கப்பட்டிருக்கும். அச்சின் எடையை இரண்டால் வகுத்து, கொஞ்சம் கூடுதலாக வைத்துக்கொண்டு, காலி நாளுக்கு ஓர் எண்ணும் சுமை நாளுக்கு ஓர் எண்ணும் குறித்துக்கொண்டேன். பின் டயர்களுக்கு இந்த இரண்டு எண்களுக்கும் இடையே 15 பவுண்டு வேறுபாடு வந்தது. சுமை ஏற்றும் காலையில் காற்றடிப்பதும் இறக்கிய மாலையில் குறைப்பதும் சோம்பலைத் தரும் வேலைகள்தான். காற்றடிக்கும் சிறு கருவி ஒன்றை வண்டியிலேயே வைத்துக்கொண்ட பிறகு அந்தச் சோம்பல் ஓரளவு குறைந்தது.

அட்டவணை சொல்வதைக் கண்ணால் சரிபார்க்க ஒரு பழைய வழி இருக்கிறது. டயரின் குறுக்கே ஓரத்திலிருந்து ஓரம் வரை சுண்ணக்கட்டியால் தடிமனாகக் கோடு போட்டு, சமமான காய்ந்த தரையில் 20 மீட்டர் நேராக ஓட்டிவிட்டு இறங்கிப் பார்க்க வேண்டும். நடுவில் மட்டும் கோடு அழிந்திருந்தால் காற்று மிகுதி; ஓரங்களில் மட்டும் அழிந்திருந்தால் குறைவு. என் பின் டயரில் 65 பவுண்டில் கோட்டின் நடுப்பகுதி மட்டும் காணாமல்போய், இரு புறமும் வெள்ளை அப்படியே இருந்தது. இந்தச் சோதனையை மட்டும் நம்பி அழுத்தத்தை அட்டவணைக்குக் கீழே இறக்கிவிடக் கூடாது. தடித்த பக்கச்சுவர் கொண்ட டயர் காற்று குறைந்த நிலையிலும் விறைப்பாக நின்று நல்ல கோட்டைக் காட்டக்கூடும். நெடுஞ்சாலை வேகத்தில் அது உள்ளே சூடேறுவதைச் சுண்ணக்கோடு காட்டாது.

அழுத்தத்தை அளக்கும் நேரமும் முக்கியம். வண்டி குறைந்தது மூன்று மணி நேரம் நின்றிருக்க வேண்டும். ஓடிச் சூடான டயரில் எண் கூடுதலாகத் தெரியும். அதைப் பார்த்துக் காற்றை இறக்கினால் மறுநாள் காலையில் டயர் பசியோடு நிற்கும். வெப்பநிலை 5 அல்லது 6 பாகை செல்சியஸ் குறைந்தால் ஏறத்தாழ 1 பவுண்டு குறையும் என்பதால், பருவம் மாறும்போது ஒருமுறை பார்த்தே ஆக வேண்டும். திரையில் காற்றுக் குறைவைச் சொல்லும் மஞ்சள் விளக்கு எரியவில்லை என்பதை வைத்து ஆறுதல் அடைய வேண்டாம். அந்த விளக்கைக் கட்டாயமாக்கிய அமெரிக்க விதியின்படி, பரிந்துரைத்த அழுத்தத்தில் 25 விழுக்காடு குறைந்த பிறகே அது எரிந்தாக வேண்டும். 36 பவுண்டு இருக்க வேண்டிய டயர் 28 பவுண்டில் விளக்கு எரியாமலேயே மாதக்கணக்கில் ஓரங்களைத் தின்றுகொண்டிருக்கலாம். டயர் வெடித்துவிடாமல் காப்பதற்காக வந்த விளக்கு அது. தேய்மானம் அதன் கவலை இல்லை.

டயர்களை இடம் மாற்றுவதைப் பற்றி எனக்கு இப்போது இரு மனம். 8,000 முதல் 10,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை மாற்றுவது நல்ல வழக்கம்தான். பின்சக்கர இயக்கமோ நான்கு சக்கர இயக்கமோ உள்ள பிக்கப்பில், பின் டயர்கள் அதே பக்கத்திலேயே முன்னே வரும், முன் டயர்கள் பக்கம் மாறிப் பின்னே போகும். ஒரே அளவிலான ஸ்டெப்னி இருந்தால் அதையும் சேர்த்து ஐந்தாகச் சுழற்றலாம். ஒரே திசையில் ஓடும் வகையாக இருந்தால் பக்கம் மாற்றக் கூடாது. ஆனால் நான் ஒழுங்காக 8,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை மாற்றியிருந்தால், இடது முன்சக்கரத்தின் குற்றம் நான்கு டயர்களிலும் பங்கிடப்பட்டு, எல்லா டயர்களும் ஏதோ ஒரு மாதிரி சீக்கிரம் தேய்கின்றன என்று மட்டுமே தெரிந்திருக்கும். ஆகவே இப்போது இடம் மாற்றும் முன்பு ஒவ்வொரு டயரிலும் உள், நடு, வெளி என மூன்று இடங்களில் ஆழம் அளந்து, தேதியோடும் கிலோமீட்டரோடும் எழுதிவைக்கிறேன். ஆழம் அளக்கும் மானி மிகச் சிறிய பொருள். அதை வாங்கிய நாளிலிருந்து என் சந்தேகங்களில் பாதி எண்களாக மாறிவிட்டன.

நான்கு சக்கர இயக்கத்தைப் பற்றியும் ஒரு சொல். நடு டிஃபரன்ஷியல் (முன் அச்சும் பின் அச்சும் வெவ்வேறு வேகத்தில் சுழல விடும் பல்சக்கர அமைப்பு) இல்லாத பகுதிநேர வகை வண்டிகளில் அதைப் போட்டதும் முன் தண்டும் பின் தண்டும் ஒரே வேகத்தில் பூட்டப்படுகின்றன. வளைவில் முன்சக்கரங்கள் பின்சக்கரங்களைவிடப் பெரிய வட்டத்தில் போக வேண்டியவை. காய்ந்த தாரில் அதற்கு வழியில்லாததால், ஏதேனும் ஒரு டயர் சறுக்கித்தான் அந்த வேறுபாட்டைத் தீர்க்கிறது. மழை விட்டு விட்டுப் பெய்த ஒரு முழுநாள் பயணத்தில் அந்த லீவரை மாற்றவே மறந்து நான் ஓட்டியிருக்கிறேன். வளைவுகளின் வேகமும் அப்படித்தான்: ஒரே வளைவை 20 விழுக்காடு கூடுதல் வேகத்தில் எடுத்தால் டயரின் மேல் பக்கவாட்டு விசை 44 விழுக்காடு கூடுகிறது. உயரமும் கனமும் உள்ள வண்டிக்கு இது இன்னும் கடினம்.

புதிய டயர் வாங்கும்போது நெடுநாள் உழைப்பதைத் தேர்ந்தெடுக்கலாம் என்று எண்ணிப் பக்கச்சுவரில் தேய்மானத் தர எண்ணைத் தேடியவர்கள் ஏமாந்திருப்பார்கள், நானும் ஏமாந்தேன். அமெரிக்கத் தர முறையில் வரும் அந்த எண், ஒப்பிடுவதற்கான ஒரு டயரை 100 என்று வைத்து, டெக்சஸ் மாநிலத்தின் சான் ஆஞ்செலோவை ஒட்டிய சாலைச் சுற்றில் 7,200 மைல் ஓட்டிப் பார்த்து ஒப்பிடுவது. அது கார் வகை டயர்களுக்கு மட்டுமே உரியது. இலகு டிரக் டயர்களுக்கு அந்த எண் தேவையில்லை என்பதால் அவற்றில் அதைக் காண முடியாது. பார்த்து வாங்குவதற்கு அவற்றில் உள்ளவை சுமைக் குறியீடு, தொடக்க ஆழம், தயாரித்த வாரத்தையும் ஆண்டையும் காட்டும் நான்கிலக்க எண் ஆகியவைதாம். 2319 என்றிருந்தால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரம்.

இறுதியில் செய்த வேலைகள் இவை. இரு பக்கத்திலும் கீழ் ஆர்ம் புஷ்கள் மாற்றப்பட்டன. கேம்பரைச் சரிசெய்யும் கேம் போல்ட் இடப்பக்கத்தில் துருவேறி உறைக்குள் ஒட்டிக்கொண்டிருந்தது. முதலில் அலைன்மென்ட் செய்த இடத்தில் கேம்பரை எல்லையின் விளிம்பிலேயே விட்டதற்கு அதுதான் காரணமாக இருந்திருக்க வேண்டும். அதை அறுத்தெடுத்துப் புதிதாகப் போட்டோம். அலைன்மென்டுக்குப் போனபோது பம்பரோடும், பாதி டீசலோடும், நான் பெரும்பாலும் சுமக்கும் 300 கிலோ சரக்கோடும் போனேன். சரக்கை இறக்கிவிட்டு வரும்படி அங்கே சொன்னார்கள். தொழிற்சாலை கொடுத்துள்ள அளவுகள் காலி வண்டிக்கு உரியவை என்பது அவர்களுடைய நியாயம். என் வண்டி வாரத்தில் ஐந்து நாள்கள் காலியாக ஓடுவதில்லை என்பது என் நியாயம். காலியாகவும் சுமையோடும் இருமுறை அளந்து, இரண்டு நிலைகளிலும் டோ எல்லைக்குள் நிற்கும்படி நடுவாக ஓர் அளவை வைக்கச் செய்தோம். முதலில் பின் அச்சு நேராக இருக்கிறதா என்று பார்த்தார்கள். பட்டை ஸ்பிரிங்கின் சென்டர் போல்ட் உடைந்தோ யு போல்ட் தளர்ந்தோ பின் அச்சு நகர்ந்திருந்தால் முன்பக்கத்தில் என்ன செய்தாலும் வண்டி நண்டுபோலச் சாய்ந்துதான் போகும். அது சரியாக இருந்தது. பிறகு கேஸ்டர் (ஸ்டீயரிங் திரும்பும் அச்சின் முன்பின் சாய்வு), கேம்பர், கடைசியாக டோ. முதல் இரண்டில் எதை அசைத்தாலும் டோ மாறிவிடும் என்பதால் இந்த வரிசையை மாற்றக் கூடாது.

முன்பக்கத்துக்கு மறுபடியும் 11 மில்லிமீட்டர் ஆழமுள்ள புதிய இரண்டு டயர்கள். 10,000 கிலோமீட்டர் கழித்துச் சென்ற வாரம் அளந்தேன். வலது முன்சக்கரத்தில் உள், நடு, வெளி மூன்றிலும் 9.4 இருந்தது. இடதில் வெளியே 9.4, நடுவில் 9.4, உள்ளே 9.2. இந்த வேகத்தில் தேய்ந்தால், 3 மில்லிமீட்டரில் கழற்றுவதாக வைத்துக்கொண்டாலும் 50,000 கிலோமீட்டர் வரை போகும்.

அந்த 0.2 மில்லிமீட்டர் என்னை உறுத்தியது. மெக்கானிக்கிடம் காட்டினேன். தாளைக் கையில் வாங்காமலேயே, வின்ச்சை இந்த ஆண்டு எத்தனை முறை பயன்படுத்தினீர்கள் என்று கேட்டார். ஒருமுறைகூட இல்லை. இப்போது வின்ச் வீட்டின் பின்புறம் சாக்கு போர்த்திக் கிடக்கிறது. அதைத் தூக்கிவைக்க இரண்டு பேர் தேவைப்பட்டார்கள். அது இறங்கியதால் முன்பக்கம் மீண்டும் சற்று உயர்ந்திருக்கிறது; ஆகவே அடுத்த வாரம் இன்னொரு அலைன்மென்ட்.